துண்டில் எழுதாத பங்கர்

"பனங்கட்டி போதும், தம்பி. சீனி இல்லாத ஊரிலை சீனி கேக்கிறது வடிவில்லை. நீங்கள் ஆறுதலா எழுதுங்கோ. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

மரியாதைக்காக நான் இப்படிச் சொல்லவில்லை. ரயில் கோச்சி ஓடுவது நின்ற பிறகு அவசரம் என்ற ஒன்று உண்மையிலேயே எனக்கு இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்போது கடைசி மிடறுவரை குடிக்கிறேன்.

நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இரத்தினம்மாவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் மாடிப்படியில் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டீர்கள். குண்டு விழுந்து செத்தார்கள். அது உங்களுக்கும் தெரியும். பங்கர் வாசல்வரைக்கும் வந்துவிட்டவர்கள் ஏன் திரும்பிப் போய்ப் படியேறினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வெளி விறாந்தையில் இருமுகிறவர் அவளுடைய புருசன் இளையதம்பி என்று தெரிகிறது. அவரை உள்ளே கூப்பிட்டு இருத்துவதானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்கு மறைத்துச் சொல்ல வேண்டியது என்னிடம் எதுவும் கிடையாது.

என் பெயர் பஞ்சலிங்கம். வடபாதையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற மாடிக் கட்டடத்தில் கீழ்வீடு எங்களுடையது. நானும் மனைவி செல்வநாயகியும். எங்கள் வீட்டோடு ஒட்டிக் கதிரவேலுவின் இரும்புக்கடை. நடுமாடியில் அவர் குடும்பம். மேல்வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். போகும்போது கதவைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தார். அந்த நம்பிக்கை சும்மா வருவதில்லை.

கோட்டையைச் சுற்றி அடிபாடு நடந்த காலத்தில் நானும் கதிரவேலுவும் பின்வளவில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினோம். எல்லாரும் தென்னங்குற்றியும் பனங்குற்றியும் தேடி அலைந்தபோது நாங்கள் தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகளைக் கொண்டுவந்தோம். எந்தக் கட்டை உளுத்தது, எது இன்னும் பாரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மேலே மண்மூட்டை, அதற்கு மேலே மண். ஒரே ஒரு வாசல். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தூக்கியிருந்தேன். குண்டு போடுகிற பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் அதை இரும்புக் கம்பியால் அடிப்பது என் வேலை. அடிக்கத் தொடங்கினால் கட்டடம் முழுக்க ஓடி வரும். பழைய நாட்களின் ஞாபகம் வரும் எனக்கு.

பிறகு உங்கள் குழு, ஆளில்லாத வெறும் வீடுகளில் குடியிருக்க அனுமதித் துண்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு வீடு தேவை என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. பள்ளிக்கூடத்து மேசையின் கீழ் எத்தனை மாதம் படுப்பது? ஆனால் மயிலிட்டிக் கரையில் இருந்து வந்தவர்களை நகரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் கொண்டுபோய் வைக்கும்போது, அதே படியால் ஏறி இறங்குகிற மற்றவர்களை ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

இரத்தினம்மா வந்தது ஒரு மத்தியானம். கைவண்டிலில் சட்டி பானை, பாய், வலைக் குவியல். பின்னால் பத்மாசினி என்ற மகள், இடுப்பில் ஒரு பொடியன். பெடிச்சிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். இளையதம்பி வண்டில் பிடித்திருந்தார்.

"ஐயா, மேல்வீட்டுத் திறப்பு உங்களிட்டை எண்டு சொல்லிச்சினம்."

"ஆர் சொன்னது?"

"குழுவிலை. துண்டு தந்தவை. இஞ்சை."

சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, பொலித்தீனில் சுற்றிய துண்டை இரண்டு கையாலும் நீட்டினாள். கோவில் அர்ச்சனைத் துண்டைக்கூட யாரும் அப்படி நீட்டி நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே முழுவதும் வாசித்தேன். அறை, குசினி, கிணறு, கக்கூஸ். அவ்வளவுதான் எழுதியிருந்தது. திறப்பைக் கொடுத்தேன்.

கடை வாசலில் நின்ற கதிரவேலுவுக்கு எப்போதும் பகிடிதான்.

"என்ன மாஸ்டர், டிக்கட் செக்கிங் முடிஞ்சுதோ? கோச்சி வராட்டிலும் மனிசன் விடமாட்டார்."

"துண்டைப் பாத்தன், அவ்வளவுதான்."

"பாத்தியளோ, பரிசோதிச்சியளோ? அந்தப் பிள்ளை நடுங்கிப் போச்சு."

இரத்தினம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவே.

கிணற்றைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாளியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், அது சுகாதாரம். சில நாள் கழித்து எங்கள் வாளி காணாமல் போனது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. படியால் ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிணறு இறைத்தபோது வாளி அடியில் கிடந்தது. அது வேறு விசயம். காணாமல் போயிருந்த அந்த நாட்களில் எனக்கு நித்திரை வரவில்லையே, அதற்கு யார் பொறுப்பு?

ஆட்கள் வந்து போனார்கள். இடுப்பில் ஈரச் சாரத்தோடு, தோளில் உரப்பையோடு.

"உவை ஆர்?" என்று கேட்டேன்.

"என்ரை தமையன்மார், ஐயா."

"போன கிழமை வந்தவை?"

"அவையும் தமையன்மார்தான். கரையிலை எல்லாரும் தமையன்தானே, ஐயா."

மறுபடியும் சிரித்தாள். ஒரு ஸ்டேசனில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துப் பழகியவனுக்கு இப்படி ஒரு பதில் போதாது. அன்று பின்னேரம் எங்கள் கதவடியில் ஒரு பாரை மீன் இருந்தது, வாழையிலையில் சுற்றி. செல்வநாயகி அதைக் குழம்பு வைத்தாள். நல்ல ருசி. ஆனாலும் காரணம் இல்லாமல் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. காரணத்தோடு கொடுக்கிறவர்களையாவது புரிந்துகொள்ளலாம்.

பிறகு மொட்டைமாடியில் மினுக்கம் கண்டேன். வெயில் ஏறுகிற நேரத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் எங்கள் உச்சியில் எதுவோ பளிச்சென்று அடிக்கும், பிறகு அணையும், மறுபடி அடிக்கும். அந்த நாட்களில் ஆமியின் ஹெலிகொப்டர் மேலே வட்டமிட்டுப் போகும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பொம்மர் வரும். யாரோ கீழிருந்து இடம் காட்டுகிறார்கள் என்று ஊர் முழுக்கக் கதைத்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊர் கதைத்ததை நான் நம்பவில்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினேன்.

ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மேல்வீடு துண்டின்படி அவர்களுடையது. பிறர் வாசலைக் கடந்து மாடிக்குப் போய் உளவு பார்ப்பது என் பழக்கம் அல்ல. அதற்குப் பதிலாக உங்களிடம் வந்தேன். இதே மேசையில் வேறொரு தம்பி இருந்தார்.

"எங்கடை கட்டடத்தின்ரை பாதுகாப்பைப் பற்றிக் கதைக்க வந்தனான்," என்றேன். "துண்டு குடுக்கேக்கை உவைக்கு ஆர் பிணை நிண்டது?"

"அகதிக்கு ஆர் ஐயா பிணை நிக்கிறது? குண்டோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்ல, களைத்துப் போயிருந்தார். ஆனால் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்தக் கட்டடத்தின் பாதுகாப்பை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. நான்தான் பார்க்க வேண்டும்.

அவர்கள் வந்த பிறகு முதல் தடவை பொம்மர் வந்தபோது எல்லாரும் ஒன்றாகப் பங்கருக்குள் இறங்கினோம். நெருக்கம். பொடியன் பயத்தில் ஒங்காளித்துச் சத்தி எடுத்தான். செல்வநாயகிக்கு மூச்சு முட்டியது. என் பெட்டியை வெளியில் எடுத்தால் இன்னும் மூன்று பேர் இருக்கலாம் என்று கதிரவேலு சொன்னார். அந்தப் பெட்டியில் என் சேவைக் காலத்துப் பத்திரங்களும் தொப்பியும் இருக்கின்றன. அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்வது சுலபம். வெளியே வந்ததும் துண்டில் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அறை, குசினி, கிணறு, கக்கூஸ். பங்கர் அதில் இல்லை.

ஆனாலும் நான் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு ஒழுங்கு செய்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வடபாதை ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேசன்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் போகலாம். அதற்கு ஒரு பித்தளை வில்லை உண்டு. அந்த வில்லையை மாஸ்டர் டிரைவரின் கையில் கொடுத்தால்தான் அவர் வண்டியை எடுக்கலாம். வில்லை இல்லாவிட்டால், பின்னால் வெள்ளம் வந்தாலும் அவர் அசையமாட்டார். என் காலத்தில் என் பகுதியில் ஒரு மோதல் நடந்ததில்லை. ஒரு வாசல் உள்ள பங்கரும் ஒற்றைப் பாதைதான். சிலிப்பர் கட்டையில் மிச்சமிருந்த துண்டை வட்டமாக அறுத்து, வீட்டுக்கு ஒரு மரவில்லை செய்தேன். உள்ளே இறங்கும்போது என் கையில் தர வேண்டும். வெளியே வரும்போது திருப்பித் தருவேன். வில்லை என் கையில் இருந்தால் உள்ளே யார் என்று எனக்குத் தெரியும். வில்லை இல்லாதவர் இறங்க முடியாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்.

கதிரவேலு வில்லையை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது பங்கரோ பிளாற்போமோ? மேலாலை குண்டு வரேக்கை டிக்கட் எங்கை எண்டு கேப்பியளோ?" என்றார். அவர் ஒருநாளும் அதைக் கொண்டுவரவில்லை. தராசுப் படிக்கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். நான் கேட்கவும் இல்லை. எத்தனையோ வருசம் தெரிந்த மனிதரிடம் அதைக் கேட்பதில் பொருள் இல்லை.

இரத்தினம்மா அப்படி அல்ல. அவள் வில்லையை இரண்டு கையாலும் வாங்கினாள். மேல்வீட்டுக் கதவுநிலையில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிவைத்தாள். மண்ணெண்ணெய்க்குத் துண்டு, அரிசிக்குத் துண்டு, வீட்டுக்குத் துண்டு என்று நின்று பழகியவளுக்கு உயிருக்கும் ஒரு துண்டு இருப்பது புதுமையாகத் தெரிந்திருக்காது. பொடியன் ஒருநாள் அதை உருட்டி விளையாடியதற்கு அடி வாங்கினான். அவன் அழுதது கீழே எனக்குக் கேட்டது. இந்தப் பெண்ணுக்கு ஒழுங்கு தெரியும் என்று அன்று நினைத்தேன். அவளைப் பற்றி நல்லதை நினைத்த நேரங்களும் உண்டு.

ஒழுங்காக வந்தாள், ஒழுங்காக வில்லையைத் தந்தாள், ஒழுங்காகத் திருப்பி வாங்கினாள். ஒவ்வொரு தடவையும், "வாறம் ஐயா," என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஆனால் மினுக்கம் நிற்கவில்லை.

நான் நீண்ட நாள் யோசித்தேன். சந்தேகத்தோடு ஒரு கட்டடத்தில் வாழ முடியாது, தம்பி. அது சந்தேகப்படுகிறவனுக்கும் நல்லதல்ல, சந்தேகிக்கப்படுகிறவருக்கும் நல்லதல்ல. ஒரு முடிவு வேண்டும். யோசித்தபோது எனக்கு இப்படித் தோன்றியது. அவர்கள் இடம் காட்டுகிறவர்கள் என்றால், எங்கே விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்கள் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் விழ விடமாட்டார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர்கள் பங்கருக்கு வெளியில் நிற்க நேர்ந்தால் விடை தெரிந்துவிடும். பொம்மர் எங்களைத் தொடாமல் போனால் என் சந்தேகம் சரி. இது ஒரு கோபத்தில் வந்த எண்ணம் அல்ல. சிக்னல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறை இழுத்துப் பார்ப்போமே, அதுபோல.

அன்று காலை ஹெலி தாழப் பறந்துவிட்டுப் போனது. குளித்து, விபூதி பூசி, சாமிப் படத்துக்குச் செம்பரத்தம்பூ வைத்தேன். மேலே ஏறினேன். இளையதம்பி வடமராட்சிப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். இரத்தினம்மா குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது; அவர்கள் பகலில் கதவு பூட்டுவதில்லை, அதைப் பற்றியும் நான் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆணியில் இருந்த வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு சத்தம் கேட்டது. நான் தண்டவாளத்தை அடித்தேன். வழக்கத்தைவிடக் குறைவாக அடித்தேன் என்று கதிரவேலு சொன்னாரென்றால் அது பொய். வழக்கம்போலத்தான் அடித்தேன். என் கடமையில் நான் குறை வைக்கவில்லை.

செல்வநாயகி இறங்கினாள். கதிரவேலு குடும்பம் இறங்கியது. நான் வாசல் படியில் இருந்தேன். இரத்தினம்மா பொடியனைத் தூக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா, வில்லையைக் காணேல்லை. ஆணியிலை இல்லை."

"அப்ப எங்கை?"

அவள் பொடியனைக் கீழே இறக்கி, தோளைப் பிடித்து உலுக்கினாள். "எங்கையடா வைச்சனி? சொல்லு, எங்கை வைச்சனி?"

"நான் எடுக்கேல்லை அம்மா. சத்தியமா நான் எடுக்கேல்லை."

பொடியன் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அது நேரம் அல்ல. உள்ளேயிருந்து செல்வநாயகியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையள் வெளியிலை நிக்குதுகள். உள்ளை விடுங்கோவன்."

கதிரவேலுவும் ஏதோ கத்தினார். பொம்மர் முதல் வட்டம் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் இரத்தினம்மாவைப் பார்த்து, சாதாரணமாக, நிதானமாகச் சொன்னேன்.

"மேலைதான் எங்கையும் விழுந்திருக்கும். போய்ப் பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ. நேரம் இருக்கு."

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "வாறம் ஐயா," என்றாள்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் வயதானவன். கையை நீட்டித் தடுக்கக்கூட இல்லை. அவள் ஏசியிருந்தால், சண்டை பிடித்திருந்தால், நான் விலகியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மகளை நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போயிருக்கலாம். ஆனால் வில்லை இல்லாமல் ஒருவரையும் விடுவதில்லை என்ற சட்டத்தை அவள் முழுதாக ஏற்றுக்கொண்டிருந்தாள். மூவருமாகத் தேடினால் வேகமாகக் கிடைக்கும் என்று நினைத்திருக்கவும் கூடும். மூன்று பேரும் ஓடினார்கள். படியில் அவர்களுடைய கால் சத்தம் கேட்டது.

குண்டு கட்டடத்தின் ஓரத்தில் விழுந்தது. மாடிப்படி இருந்த பக்கம். பங்கர் அசையவில்லை, சிலிப்பர் கட்டைகளைப் பற்றி நான் சொன்னது சரிதான்.

ஆக, விடை தெரிந்துவிட்டது. அவர்கள் இடம் காட்டுகிறவர்கள் அல்ல. அதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். அவர்கள் மேல் எனக்கிருந்த சந்தேகம் முழுதாக நீங்கிவிட்டது. இதைத் தெளிவாக எழுதுங்கள், இளையதம்பிக்கு ஆறுதலாக இருக்கும். பிறகு ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறியவர்கள், அங்கே ஒரு தகரத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். காற்றுக்குத் தகரம் ஆடியிருக்கிறது. ஆனால் தகரமும் மினுங்கும் அல்லவா? மேலே இருக்கிறவனுக்கு அது கருவாடு என்று எப்படித் தெரியும்?

வில்லை என் சட்டைப் பையில் இருந்ததை முதலில் கண்டது செல்வநாயகி. உடுப்புத் தோய்க்க எடுத்தபோது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கதிரவேலுவின் மேசையில் வைத்துவிட்டு, கொடிகாமத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு நரம்புத் தளர்ச்சி கொஞ்சம் உண்டு. அமைதியான இடத்தில் இருந்தால் சரியாகிவிடும். கதிரவேலு என்னோடு கதைப்பதில்லை. கடை வாசலில் பகிடி விடுவதும் நின்றுவிட்டது. உங்களிடம் வந்து சொன்னது அவராகத்தான் இருக்கும். பிழையில்லை, அவர் தன் கடமையைச் செய்திருக்கிறார்.

ஓம், நான்தான் எடுத்தேன். நான்தான் திருப்பி அனுப்பினேன். இடம் இருந்தது. நேரமும் இருந்தது. இப்படி எழுதினால் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஏன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஏன் என்பது இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வார்கள்.

இளையதம்பி இருமுவது நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார் போல.

இன்னும் ஒன்று இருக்கிறது, தம்பி. பேனையை மூடிவிடாதீர்கள். படிதான் விழுந்தது, மேல்வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. சுவர் வெடிப்பைப் பூசி, மரப்படி ஒன்று அடித்தால் ஆட்கள் இருக்கலாம். எப்படியும் நீங்கள் இன்னொரு துண்டு எழுதத்தான் போகிறீர்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன். திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"இந்த முறை ஆரையும் அனுப்ப முதல் என்னை ஒரு சொல் கேப்பியளோ? நல்ல, தெரிஞ்ச குடும்பமாப் பாத்து அனுப்புவியளோ, தம்பி?"